சான்றிதழுக்கும் காலாவதி தேதி உண்டு!

1969-ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம் ஒருவருக்குக் கௌரவ மருத்துவப் பட்டம் அளித்தது. வாங்கியவர் டாக்டர் அல்ல. வில்லியம் கூவன்ஹோவன் என்ற எலக்ட்ரிகல் இன்ஜினீயரிங் புரொபசர்! அவசர சிகிச்சை மருத்துவர்களின் தொடர்கல்வியைப் பற்றி நான் எழுத வந்தால், "இன்ஜினீயருக்கும் கேஷுவாலிட்டிக்கும் என்னய்யா சம்பந்தம்?" என்று நண்பர்கள் கேட்பார்கள் என்று தெரியும். அதனால்தான் இவரிடமிருந்து தொடங்குகிறேன்.

அந்தக் காலத்தில் மின்கம்பிகளில் வேலை பார்த்த லைன்மேன்கள் பலர் ஷாக் அடித்து இறந்துகொண்டிருந்தார்கள். மின்சாரக் கம்பெனிகளின் பண உதவியோடு, மின்சாரம் இதயத்தை என்ன செய்கிறது என்ற ஆராய்ச்சியில் கூவன்ஹோவன் இறங்கினார். தாறுமாறாகத் துடிக்கும் இதயத்தை இன்னொரு ஷாக் கொடுத்தே ஒழுங்குக்குக் கொண்டுவரும் கருவியை உருவாக்கினார்கள். 1958-ல் அவருடைய மாணவர் நிக்கர்பாக்கர், நாய் ஒன்றின் மேல் சோதனை நடக்கும்போது ஒரு விஷயத்தைக் கவனித்தார். கனமான மின்முனைகளை நெஞ்சின் மேல் வைத்து அழுத்தியதுமே, ஷாக் கொடுப்பதற்கு முன்பாகவே, ரத்த அழுத்தம் கொஞ்சம் ஏறியது. அப்படியானால் வெறும் கையால் அழுத்தினாலே ரத்தம் ஓடுமே! ஜேம்ஸ் ஜூட் என்ற அறுவை மருத்துவரும் சேர்ந்துகொள்ள, 1960-ல் மூவரும் அதைக் கட்டுரையாக வெளியிட்டார்கள். வாயோடு வாய் வைத்து மூச்சுக் கொடுப்பதே பலன் தரும் என்று பீட்டர் சஃபார் என்ற மயக்க மருந்து நிபுணர் ஏற்கெனவே நிரூபித்திருந்தார். இரண்டும் சேர்ந்து 'சி.பி.ஆர்.' பிறந்தது.

கண்டுபிடித்தாகிவிட்டது. ஆனால் இந்த வரலாற்றின் கடினமான பாதி அதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கிறது. உலகத்தில் இருக்கிற அத்தனை டாக்டர்கள், நர்ஸ்கள் கைக்கும் இதை எப்படிக் கொண்டுபோவது? உயிரோடு இருப்பவர் நெஞ்சில் அழுத்திப் பழக முடியாது. நார்வே நாட்டு பொம்மை தயாரிப்பாளர் ஆஸ்முண்ட் லேர்டால், 1960-ல் பயிற்சிக்கென்றே ஆளுயர பொம்மை ஒன்றைச் செய்து கொடுத்தார். 1966-ல் வாஷிங்டனில் கூடிய நிபுணர் மாநாடு, மருத்துவப் பணியாளர்கள் எல்லோருக்கும் இதைக் கற்றுத்தர வேண்டும் என்று பரிந்துரைத்தது. எழுபதுகளில் அமெரிக்க இதய சங்கம், மாரடைப்பு அவசரத்துக்கான முறையான வகுப்புகளையே நடத்த ஆரம்பித்தது.

மாரடைப்புக்கு வகுப்பு வந்தது, சரி. விபத்துக்கு? அதற்கு ஒரு குடும்பம் பெரிய விலை கொடுக்க வேண்டியிருந்தது.

1976 பிப்ரவரியில் ஜேம்ஸ் ஸ்டைனர் என்ற எலும்பு அறுவை மருத்துவர் ஓட்டிவந்த சிறு விமானம், நெப்ராஸ்கா மாநிலத்தில் ஒரு வயல்வெளியில் இரவில் விழுந்தது. மனைவி அந்த இடத்திலேயே இறந்தார். நான்கு குழந்தைகளில் மூவருக்குப் பலத்த காயம். ஸ்டைனருக்கும் காயம்தான். குளிரில் பல மணி நேரம் தனியாகப் பிள்ளைகளைக் கவனித்துவிட்டு, சாலைக்கு வந்து ஒரு காரை நிறுத்தி, அருகிலிருந்த சிற்றூர் மருத்துவமனைக்குப் போனார். கதவு பூட்டியிருந்தது. திறந்த பிறகு நடந்ததுதான் அவரை இன்னும் உலுக்கியது. அடிபட்ட பிள்ளையின் கழுத்தெலும்பைப் பற்றிய யோசனையே இல்லாமல் தூக்கினார்கள். எதை முதலில் பார்ப்பது, எதை அடுத்துப் பார்ப்பது என்ற வரிசை அங்கே யாருக்கும் தெரிந்திருக்கவில்லை.

வேறு யாராக இருந்தாலும் அந்த டாக்டர்களைத் திட்டித் தீர்த்திருப்பார்கள். ஸ்டைனரோ, வயலில் வெறுங்கையோடு தான் கொடுத்த சிகிச்சை மருத்துவமனையில் கிடைத்ததைவிட மேலாக இருந்தது என்றால் கோளாறு அமைப்பிலேயே இருக்கிறது, அதை மாற்ற வேண்டும் என்று முடிவு கட்டினார். ஒரு பாலம் இடிந்தால் கொத்தனாரை மட்டும் குற்றம் சொல்லாமல் டிசைனை எடுத்துப் பார்ப்போமே, அந்த மாதிரி. லிங்கன் நகரத்துச் சக மருத்துவர்கள், நர்ஸ்களோடு உட்கார்ந்து, இதய சங்க வகுப்பை மாதிரியாக வைத்து ஒரு பாடத்திட்டம் தயாரித்தார்கள். முதலில் மூச்சுப்பாதை, பிறகு சுவாசம், பிறகு ரத்த ஓட்டம். எது சீக்கிரம் கொல்லுமோ அதை முதலில் கவனி என்பதே அதன் அடிப்படை. 1978-ல் நெப்ராஸ்காவின் ஆபர்ன் என்ற சிற்றூரில் முதல் வகுப்பு நடந்தது. 1980-ல் அமெரிக்க அறுவை மருத்துவர் கல்லூரி அதை ஏற்று நாடு முழுக்கப் பரப்பியது. இதுதான் இன்று உலகமறிந்த 'ஏ.டி.எல்.எஸ்.' பயிற்சி. இதுவரை 10 லட்சத்துக்கும் அதிகமான மருத்துவர்கள் படித்திருக்கிறார்கள்.

இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த அம்சம் ஒன்று உண்டு. நாமெல்லாம் கன்வொகேஷனில் வாங்கிய டிகிரிக்கு ஆயுசு கெட்டி. ஃப்ரேம் போட்டு மாட்டிவிட்டால் சாகும்வரை செல்லும். இவர்களுக்கு அப்படியில்லை. ஏ.டி.எல்.எஸ். சான்றிதழ் 4 ஆண்டுதான் செல்லும். இதய சங்கத்தின் சான்றிதழ் 2 ஆண்டு. அமெரிக்காவில் அவசர மருத்துவம் தனித்துறையாக ஏற்கப்பட்டது 1979-ல். அடுத்த ஆண்டே நடந்த முதல் நிபுணர் தேர்வில் தேறியவர்களுக்கும் 10 ஆண்டுச் சான்றிதழ்தான் கொடுத்தார்கள்.

ஏன் இந்தக் கெடுபிடி? காரணம் இரண்டு. ஒன்று, கைப்பழக்கம் மறந்துபோகும். நெஞ்சை அழுத்தும் பயிற்சி சில மாதங்களிலேயே தேய ஆரம்பித்துவிடுகிறது. இரண்டு, பாடமே மாறுகிறது. 15 முறை அழுத்தி 2 மூச்சு என்றிருந்த கணக்கு, 2005-ல் 30-க்கு 2 என்றானது. 2010-ல், பெரியவர்களுக்கு மூச்சுக்கு முன்பே நெஞ்சை அழுத்தத் தொடங்கு என்று வரிசையே மாறியது. ரத்தம் இழந்தவருக்கு ஆரம்பத்தில் 2 லிட்டர் வரை சலைன் ஏற்றச் சொன்ன ஏ.டி.எல்.எஸ்., 2018-ல் வந்த 10-ஆம் பதிப்பில் 1 லிட்டரோடு நிறுத்தச் சொன்னது. அதிகம் ஏற்றினால் ரத்தம் நீர்த்துப்போய் உறையும் சக்தி குறைகிறது. ஆக, அன்று முதல் மார்க் வாங்கித் தந்த பதில் இன்று நோயாளிக்கே ஆபத்தாகலாம்.

நம் நாட்டிலும் 2002-ல் வந்த மருத்துவர் நடத்தை விதிகள், 5 ஆண்டில் 30 மணி நேரம் தொடர்கல்வி வேண்டும் என்கின்றன. 2009-ல் அவசர மருத்துவம் தனி எம்.டி. படிப்பாக அங்கீகாரம் பெற்றது. தாமதம்தான், ஆனாலும் வந்துவிட்டது.

சரி, நம்ம பக்கம் என்ன நிலைமை? மின்நிலையங்களிலும் துணைமின்நிலையங்களிலும் ஷாக் சிகிச்சை அட்டவணை மாட்டியே ஆக வேண்டும் என்று 1956-ஆம் ஆண்டு மின்சார விதிகளே சொல்லிவிட்டன. மாட்டியும் இருக்கிறோம். இன்னும் சில சுவர்களில் என்ன படம் இருக்கிறது தெரியுமா? ஆளைக் குப்புறப் படுக்கவைத்து முதுகை அழுத்தும் ஷேஃபர் முறை! 1903-ல் வந்தது; 1950-களிலேயே மருத்துவ உலகம் கைவிடத் தொடங்கியது. இதயத்துக்கு அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை. லைன்மேன் உயிரைக் காப்பாற்ற ஒரு இன்ஜினீயர் தேடிப்போய்க் கண்டுபிடித்ததை, டாக்டர்கள் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை திரும்பப் படிக்கிறார்கள். லைன்மேனோடு நாள் முழுக்க நிற்கும் நாம்தான் பழைய படத்தை மாட்டிவைத்திருக்கிறோம்.

மாணவத் தம்பி தங்கைகளே, உங்கள் லேப் சுவரில் இருக்கும் அட்டவணையை நாளைக்கே போய்ப் பாருங்கள். பழசாக இருந்தால் துறைத்தலைவரிடம் சொல்லி மாற்றுங்கள். நம் சங்கத்துக்கும் ஒரு வேண்டுகோள்: அடுத்த சந்திப்பில் பொன்னாடை நேரத்தில் கொஞ்சம் குறைத்து, இரண்டு மணி நேரம் ஒதுக்கி, ஒரு பயிற்சியாளரையும் இரண்டு பொம்மைகளையும் வரவழைப்போம். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முதல் ஆளாக மண்டிபோட நான் தயார்.