வழித்துணையிலிருந்து சரக்கு வரை: அமெரிக்காவில் துப்பாக்கியுடன் மாநில எல்லை கடக்கும் சட்டத்தின் வளர்ச்சி

அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில் உள்ள ஆறு நியூ இங்கிலாந்து மாநிலங்களிலிருந்து நாட்டின் பிற பகுதிகளுக்குத் தரைவழியாகப் போக வேண்டுமானால், நியூயார்க் மாநிலத்தைக் கடந்தே ஆக வேண்டும். பென்சில்வேனியாவில் வசிப்பவர் வெர்மான்ட் மலைக்காடுகளுக்கு வேட்டைக்குப் புறப்படுகிறார்; காரில் கைத்துப்பாக்கி இருக்கிறது. புறப்படும் மாநிலத்தில் அதை வைத்திருப்பது குற்றமில்லை. போய்ச் சேரும் மாநிலத்திலும் குற்றமில்லை. இடைப்பட்ட நியூயார்க்கில் மட்டும், அம்மாநில உரிமம் இல்லாமல் கைத்துப்பாக்கி வைத்திருப்பதே குற்றம். அவர் சட்டத்தை மீறாமல் ஊர் போய்ச் சேர்வது எப்படி?

இக்கேள்விக்கு அமெரிக்கச் சட்டம் இருநூறு ஆண்டுகளில் இரு வேறு விடைகளைத் தந்துள்ளது. 19ஆம் நூற்றாண்டில் பயணிக்கு விலக்களித்தது. வழியில் ஆபத்து உண்டு, ஆகவே அவருக்கு ஆயுதம் தேவை என்பது அதன் நியாயம். 20ஆம் நூற்றாண்டில், வழியில் பயன்படுத்த முடியாத நிலையில் ஆயுதம் இருந்தால் மட்டுமே பயணிக்குப் பாதுகாப்பு என்றது. வழித்துணையாக இருந்த துப்பாக்கி சரக்காக மாறிய இந்த நகர்வையும், அது தீர்க்காமல் விட்ட சிக்கலையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

பயணிக்குக் கிடைத்த விலக்கு

ஆயுதத்தை மறைத்து எடுத்துச் செல்வதைத் தடை செய்த தொடக்ககாலச் சட்டங்களில் ஒன்று 1813இல் கென்டக்கியில் வந்தது. சட்டைப்பைத் துப்பாக்கி, குத்துவாள், கைத்தடிக்குள் மறைத்த வாள் ஆகியவற்றை மறைவாக வைத்திருப்பதற்கு அது அபராதம் விதித்தது; பயணத்தில் இருப்பவரை விட்டுவிட்டது. 1820இல் இந்தியானாவும் பயணிகளுக்கு விலக்களித்தது. 1821ஆம் ஆண்டின் டென்னசி சட்டம் தன் கவுன்ட்டியை அல்லது மாநிலத்தை விட்டு வெளியே செல்பவருக்கு விலக்கு என்று எல்லையையும் வரையறுத்தது. அலபாமா, ஆர்கன்சா போன்ற தென்மாநிலங்களும் இதே பாதையில் சென்றன.

இச்சட்டங்கள் பார்த்தது ஆளைத்தான். துப்பாக்கியில் குண்டு இருக்கிறதா, அது பெட்டியில் இருக்கிறதா, இடுப்பில் இருக்கிறதா என்பது பொருட்டாகவில்லை. ஆகவே யார் பயணி என்பதை நீதிபதியே முடிவு செய்ய வேண்டியிருந்தது. அந்த முடிவில் சமூகத்தின் ஏற்றத்தாழ்வும் புகுந்தது. 1878ஆம் ஆண்டு மிசிசிப்பிச் சட்டம் பயணிக்கு விலக்களித்தபோதே, ஊர் ஊராகத் திரியும் நாடோடிக்கு அது கிடையாது என்று சேர்த்துக்கொண்டது. விடுதலை பெற்ற கறுப்பின மக்கள் ஆயுதம் வைத்திருப்பதை 1865இலேயே தடை செய்த மாநிலம் அது.

இக்காலகட்டத்தின் இரு சான்றுகள் பின்னாளைய மாற்றத்தை முன்னுணர்த்துகின்றன. முதலாவது 1871ஆம் ஆண்டு டெக்சஸ் சட்டம். கைத்துப்பாக்கி எடுத்துச் செல்வதைப் பெருமளவு தடை செய்த அச்சட்டம், பயணிகள் தங்கள் பயண மூட்டையோடு ஆயுதம் கொண்டு செல்வதை அனுமதித்தது. ஆயுதம் எங்கே இருக்க வேண்டும் என்ற எண்ணம் இங்கே லேசாகத் தலைகாட்டுகிறது.

இரண்டாவது, 1879இல் ஆர்கன்சா உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு. நெடுஞ்சாலையில் தன்னைக் காத்துக்கொள்ளவே பயணிக்கு விலக்கு. ஊருக்குள் தங்கிவிட்டால் உள்ளூர்க்காரரைப் போலவே அவருக்கும் ஆயுதம் தேவையில்லை. தங்கல் சிறிதாக இருந்து பயணம் உடனே தொடரும் என்றாலொழிய அதைக் கழற்றி வைத்துவிட வேண்டும் என்றது நீதிமன்றம். பயணம் எங்கே நின்று தங்கல் எங்கே தொடங்குகிறது என்ற வினா அன்று எழுந்தது. அது இன்றும் ஓயவில்லை.

காரும் காகித உறையும்

1908இல் ஃபோர்டு ‘மாடல் டி’ காரை விற்கத் தொடங்கியது. மூன்றே ஆண்டுகளில், 1911இல், நியூயார்க் மாநிலம் சல்லிவன் சட்டத்தை இயற்றி, மறைத்து வைக்கக்கூடிய துப்பாக்கிக்கு உரிமத்தைக் கட்டாயமாக்கியது. ஒருபுறம் நெடுந்தொலைவுப் பயணம் சாதாரண மனிதருக்கு எளிதாயிற்று. மறுபுறம் மாநிலத்துக்கு மாநிலம் துப்பாக்கிச் சட்டம் வேறுபடத் தொடங்கியது. மதுவிலக்குக் காலத்துக் கும்பல்கள் காரில் வந்து சுட்டுவிட்டு எல்லை தாண்டியபோது, வாகனத்துக்குள் இருக்கும் துப்பாக்கி தனிக் கவலையாக உருவெடுத்தது.

அந்தக் கவலையின் விளைவுதான் மாநிலங்கள் பின்பற்றுவதற்கென 1930இல் இறுதி வடிவம் பெற்ற ‘சீர்மைத் துப்பாக்கிச் சட்டம்’ என்ற மாதிரிச் சட்டம். பென்சில்வேனியா 1931இலும், தலைநகர் வாஷிங்டன் 1932இலும், வாஷிங்டன் மாநிலம் 1935இலும் இதையொட்டிச் சட்டமியற்றின. உரிமம் இல்லாமல் வாகனத்தில் கைத்துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது என்றது மாதிரிச் சட்டம். கடையில் வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோகும்போதும், பழுதுபார்க்கத் தரும்போதும், வீடு மாறும்போதும் எடுத்துச் செல்லலாம். ஆனால் குண்டு நிரப்பாமல், பத்திரமாக உறையிட்டுக் கொண்டு செல்ல வேண்டும் என்று விலக்கு தந்தது.

இந்த வரலாற்றின் திருப்புமுனை 1986ஆம் ஆண்டுக் கூட்டாட்சிச் சட்டம் என்றே பலரும் கருதுவர். என் வாதம், அது இந்த உறையிலேயே நிகழ்ந்துவிட்டது என்பது. ‘இவர் பயணியா?’ என்று கேட்டுவந்த சட்டம், ‘இந்தப் பொருள் எந்த நிலையில் இருக்கிறது?’ என்று கேட்கத் தொடங்கியது இங்கேதான். காவலருக்கும் அது சோதிக்க எளிய கேள்வி: பயணியின் மனத்துக்குள் எட்டிப் பார்க்க முடியாது, பொட்டலத்தைப் பிரித்துப் பார்க்கலாம்.

கூட்டாட்சி அரசு நுழைகிறது

மாநில எல்லை கடக்கும் வாணிகத்தை ஒழுங்குபடுத்தும் அதிகாரம் நாடாளுமன்றமான காங்கிரசுக்கு உண்டு. அந்த அதிகாரத்தைக் காங்கிரஸ் முதலில் பயணத்துக்குப் பாதுகாப்பளிக்கப் பயன்படுத்தவில்லை. தடை விதிக்கவே பயன்படுத்தியது. 1927இல் பொதுமக்கள் கைத்துப்பாக்கியை அஞ்சலில் அனுப்புவதைத் தடுத்தது. 1934இல் இயந்திரத் துப்பாக்கி போன்றவற்றின் கைமாற்றத்துக்கு 200 டாலர் வரி போட்டது. 1938இல் மாநிலங்களுக்கிடையிலான துப்பாக்கி வாணிகத்துக்கு வணிகர் உரிமம் கொண்டுவந்தது.

1963இல் அதிபர் கென்னடியைக் கொன்ற துப்பாக்கி சிகாகோ கடையிலிருந்து அஞ்சல் வழியே வாங்கப்பட்டது. 1968இல் மார்ட்டின் லூதர் கிங்கும் ராபர்ட் கென்னடியும் அடுத்தடுத்துக் கொல்லப்பட்டனர். அவ்வாண்டு அக்டோபர் 22 அன்று அதிபர் ஜான்சன் கையெழுத்திட்ட துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம், வேறு மாநிலத்தில் வாங்கிய துப்பாக்கியைச் சொந்த மாநிலத்துக்குக் கொண்டுவருவதைப் பெரும்பாலும் தடுத்தது. இயந்திரத் துப்பாக்கி, குறுங்குழல் துப்பாக்கி ஆகியவற்றை எல்லை தாண்டி எடுத்துச் செல்ல முன் அனுமதி வேண்டும் என்றது. நேரடியாக முரண்படாத வரை மாநிலச் சட்டங்கள் தொடரும் என்றும் தெளிவுபடுத்தியது. ஆகவே, சொந்தத் துப்பாக்கியோடு நியூயார்க்கைக் கடப்பவருக்கு அச்சட்டத்தில் எந்தப் புகலிடமும் இல்லை.

1986: வண்டியின் அமைப்பே வரம்பு

அந்தப் புகலிடத்தை 1986 மே 19 அன்று அதிபர் ரேகன் கையெழுத்திட்ட துப்பாக்கி உரிமையாளர் பாதுகாப்புச் சட்டம் தந்தது. ஐடஹோ செனட்டர் ஜேம்ஸ் மெக்லூர், மிசூரி உறுப்பினர் ஹரால்டு வோக்மர் இருவரும் முன்னின்று கொண்டுவந்தது இது. இதன் வழியே உருவான 926ஏ பிரிவின் முதல் வடிவம் மிகச் சுருக்கமானது. நடைமுறைக்கு வருமுன்பே, அவ்வாண்டு ஜூலையில், காங்கிரஸ் அதைத் திருத்தி இன்றுள்ள நிபந்தனைகளைச் சேர்த்தது.

இன்றைய வடிவின்படி, சட்டபூர்வ நோக்கம் இருக்க வேண்டும். புறப்படும் இடம், சேரும் இடம் இரண்டிலும் அந்தத் துப்பாக்கியை வைத்திருக்கவும் எடுத்துச் செல்லவும் உரிமை இருக்க வேண்டும். துப்பாக்கியில் குண்டு இருக்கக் கூடாது. துப்பாக்கியோ தோட்டாவோ பயணிகள் அமரும் பகுதியிலிருந்து கைக்கெட்டக் கூடாது. தனி டிக்கி இல்லாத வண்டியானால் இரண்டும் பூட்டிய பெட்டிக்குள் இருக்க வேண்டும். டேஷ்போர்டு அறையும் இருக்கைகளுக்கு நடுவிலுள்ள பெட்டியும் பூட்டியிருந்தாலும் கணக்கில் வரா. இவை நிறைவேறினால் இடைப்பட்ட மாநிலத்தின், நகரத்தின் எந்தத் தடையும் அவரைக் கட்டுப்படுத்தாது.

இப்பிரிவை எழுதியவர்களின் மனத்தில் இருந்தது டிக்கி தனியாக உள்ள கார்தான். வேன்களுக்கும் பின்புறம் திறந்த உள்ளமைப்பு கொண்ட வண்டிகளுக்கும் பின்குறிப்பாகவே இடம் கிடைத்தது. உறையிலிருந்து டிக்கிக்கும், டிக்கியிலிருந்து பூட்டுப்பெட்டிக்கும் சட்டம் நகர்ந்திருக்கிறது. துப்பாக்கி கையிலிருந்து விலகும் தொலைவுதான் ஒவ்வொரு கட்டத்திலும் அளவுகோல்.

பள்ளி வளாகத்தைச் சுற்றி 1,000 அடிக்குள் துப்பாக்கியைத் தடுக்கும் 1990ஆம் ஆண்டுச் சட்டமும் பூட்டிய பெட்டியில் குண்டின்றிக் கொண்டுசெல்வதை விலக்கியது. அச்சட்டத்தை உச்ச நீதிமன்றம் 1995இல் ரத்துசெய்தது. காங்கிரஸ் மறு ஆண்டே வாணிகத் தொடர்பைச் சேர்த்து மீண்டும் இயற்றியது.

டிக்கி எப்போதும் கவசமாகிவிடுவதில்லை. போதைப்பொருள் குற்றத்தில் ஈடுபடுகையில் துப்பாக்கியை ‘எடுத்துச் செல்வது’ என்பதில் டிக்கியிலோ பூட்டிய டேஷ்போர்டு அறையிலோ வைத்திருப்பதும் அடங்கும் என்று 1998இல் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தீர்ப்பளித்தது.

நீதிமன்றங்களில் திரும்பி வந்த தங்கல்

1986 சட்டத்தின் வரம்பு விமான நிலையங்களில் வெளிப்பட்டது. 2005இல் ஊட்டாவிலிருந்து பென்சில்வேனியாவுக்குப் பறந்த ஒருவர், நியூ ஜெர்சியின் நியூவார்க்கில் இணைப்பு விமானத்தைத் தவறவிட்டு இரவு விடுதியில் தங்க நேர்ந்தது. துப்பாக்கி வைத்த பெட்டி அவர் கையில் இருந்தது. மறுநாள் காலை அதை விமான நிலையத்தில் முறைப்படி அறிவித்தபோது கைதானார். விடுதியில் துப்பாக்கி அவர் கைக்கெட்டும் நிலையில் இருந்ததால் 926ஏ அவருக்குப் பொருந்தாது என்று 2010இல் மூன்றாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் கூறியது. பெட்டியை வாங்குமுன் காவல்துறையின் உதவியை நாடியிருக்கலாம் என்றும் சொன்னது. 1879இல் ஆர்கன்சா நீதிபதிகள் சிறு தங்கலுக்குக் காட்டிய நெகிழ்வு இங்கே இல்லை. பயணியைப் பார்த்த சட்டத்தால் ‘பயணம் தொடர்கிறதா?’ என்று கேட்க முடிந்தது. பொருளைப் பார்க்கும் சட்டத்துக்கு அது தேவைப்படாத கேள்வியாகிவிட்டது.

அதே ஆண்டு இரண்டாம் வட்ட நீதிமன்றம், இப்பிரிவை மீறிக் கைது செய்த காவலர்மீது குடிமை உரிமைச் சட்டத்தின்கீழ் இழப்பீட்டு வழக்குத் தொடுக்க முடியாது என்றது. பயணி புறப்பட்ட, சேரும் மாநிலங்களின் சட்டங்களையெல்லாம் அந்த இடத்திலேயே காவலர் அறிந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்க்க இயலாது என்பது அதன் வாதம். 2013இல் மூன்றாம் வட்ட நீதிமன்றம், வாகனத்துக்குள் இருக்கும் துப்பாக்கிக்கே இப்பாதுகாப்பு, விமான நிலைய முனையத்துக்குள் நடப்பவருக்கு இல்லை என்றது. ஆக, 926ஏ பெரும்பாலும் கைதுக்குப் பின் நீதிமன்றத்தில் எடுத்துவைக்கும் எதிர்வாதமாகச் சுருங்கியது.

மாநிலத்துக்குள் எதிர்நீரோட்டம்

எல்லை தாண்டும் துப்பாக்கி சரக்காகிக்கொண்டிருந்தபோது, பல மாநிலங்கள் தம் எல்லைக்குள் அதை மீண்டும் வழித்துணையாக்கின. யார் பயணி என்று நூற்றாண்டுக்கு மேல் வழக்காடிய டெக்சஸ், 2005இல் காரில் செல்பவரைப் பயணி என்று அனுமானிக்கும் விதியைக் கொண்டுவந்தது. 2007இல் சொந்தக் காரில் கைத்துப்பாக்கி வைத்திருக்கப் பயணியாக இருக்கத் தேவையே இல்லை என்றது. ஆர்கன்சா 2013இல், வசிக்கும் கவுன்ட்டியைத் தாண்டினாலே பயணம் என்று வரையறுத்தது. 1821இன் டென்னசி அளவுகோல் உயிர்பெற்றது.

நியூயார்க் நகரம் எதிர்த்திசையில் சென்றது. வீட்டில் வைத்திருக்க உரிமம் பெற்றவர், குண்டில்லாமல் பூட்டிய பெட்டியில்கூட நகருக்கு வெளியேயுள்ள இரண்டாவது வீட்டுக்கோ சுடுதளத்துக்கோ கைத்துப்பாக்கியைக் கொண்டுபோகக் கூடாது என்று விதித்தது. வழக்கு உச்ச நீதிமன்றத்தை எட்டியதும் நகரம் விதியை மாற்றியது; 2020இல் வழக்கு காலாவதியானது. பொது இடத்தில் கைத்துப்பாக்கி எடுத்துச் செல்லும் உரிமையை 2022இல் உச்ச நீதிமன்றத்தின் ‘புரூயன்’ தீர்ப்பு உறுதிசெய்தாலும், ஒரு மாநில உரிமத்தை மற்றொன்று ஏற்க வேண்டும் என்று சொல்லவில்லை.

காவலர்களுக்கும் ஓய்வுபெற்ற காவலர்களுக்கும் மட்டும் 2004ஆம் ஆண்டுச் சட்டம் மாநிலம் தாண்டி மறைத்து எடுத்துச் செல்ல இடம் தந்தது. மற்ற உரிமதாரர்களுக்கும் அதே வசதி தரும் மசோதா 2017 டிசம்பரில் பிரதிநிதிகள் சபையில் 231–198 என்று நிறைவேறியும் சட்டமாகவில்லை.

முடிவுரை

வாகனப் பயணம் பெருகியபோது, பயணியின் தேவையை அளப்பதைவிடப் பொருளின் நிலையைச் சோதிப்பது சட்டத்துக்கு எளிதாயிற்று. 1930இன் உறையும் 1986இன் டிக்கியும் அந்த எளிமையின் இரு படிகள். அதற்குக் கொடுத்த விலை, தங்கலைப் பற்றிய மௌனம். ஓடும் காருக்கு விடை சொன்ன 926ஏ, விடுதி அறைக்கும் தவறிய விமானத்துக்கும் சொல்லவில்லை. இப்பிரிவை இனித் திருத்துவதாயின், பூட்டின் வகையை மேலும் நுணுக்கமாக எழுதுவதைவிட முதலில் வரையறுக்க வேண்டியது பயணத்தில் நேரும் இயல்பான இடைநிறுத்தத்தையே. அதற்கான தொடக்கம் 1879ஆம் ஆண்டுத் தீர்ப்பிலேயே கிடைக்கிறது.