நாற்காலியில் அமர்ந்து அறுவை செய்த மருத்துவர்

தாசேக் கெலுகோர் போன்ற ஊர்களில் ஒருவர் மரத்திலிருந்தோ மோட்டார் சைக்கிளிலிருந்தோ விழுந்து முதுகுத்தண்டு முறிந்தால், “இனி அவ்வளவுதான்” என்று சொல்லிவிடுகிறோம். வரலாறு அப்படிச் சொல்லவில்லை.

ஒரு காலத்தில் இவர்களில் பலரைக் கொன்றது படுக்கைப் புண்ணும் சிறுநீர்க் கிருமியும்தான். 1944இல் இங்கிலாந்தின் ஸ்டோக் மண்டேவில் மருத்துவமனையில் லுட்விக் குட்மன், நோயாளிகளை இரண்டு மணிக்கொரு முறை புரட்டிப் படுக்க வைத்தார். உயிர்கள் தப்பின.

1954இல் வேலூரின் இளம் மருத்துவர் மேரி வர்கீஸ் கார் விபத்தில் கால்களின் இயக்கத்தை இழந்தார். டாக்டர் பால் பிராண்டின் ஊக்கத்தால், சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். பின்னர் நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவம் பயின்றார். 1966இல் அவரது முயற்சியால் வேலூரில் மறுவாழ்வு நிலையம் எழுந்தது.

அறுந்த தண்டுவடத்தை முழுதாகச் சேர்க்கும் மருந்து இன்றும் இல்லை. ஸ்டெம் செல் சிகிச்சை ஆய்வில்தான் இருக்கிறது. கைகளின் வலுவைக் கூட்டும் மின்தூண்டல் கருவி ஒன்றுக்கு 2024இல் அமெரிக்கா அனுமதி அளித்தது. “முழுதாகக் குணமாக்குகிறோம்” என்று பணம் கேட்பவரை நம்பாதீர்கள்.

விழுந்தவரைத் தூக்கி உட்கார வைக்காதீர்கள்; அசைக்காமல் 999ஐ அழையுங்கள். பிழைத்தவரிடம் மேரி வர்கீஸின் கதையைச் சொல்லுங்கள்.