பஞ்சு ஊரும் பதிவறையும்

ராஜபாளையத்தில் பி.ஏ.சி. ராமசாமி ராஜா நூற்பாலை தொடங்கியது 1936-இல். பஞ்சுக்கும் ஒலிப்பதிவுக்கும் உள்ள உறவு பின்னால் வரும்; அந்தக் காலத்தில் சென்னையில் பேசும் படம் எடுத்தவர்களுக்கு முதல் எதிரி காக்கை. நடிகர்கள் பாடுவதையும் பேசுவதையும் நடிக்கும்போதே பதிந்தாக வேண்டும். வெளியே ஒரு காக்கை கரைந்தால் காட்சி போச்சு. காக்கை விரட்டுவதற்கென்றே சம்பளத்துக்கு ஆள் வைத்திருந்தார்கள். 1934-இல் ஏ. நாராயணன் எடுத்த 'சீனிவாச கல்யாணம்' படத்தின் ஒலிப்பதிவாளர் அவருடைய மனைவி மீனா நாராயணன். இந்தியாவின் முதல் பெண் ஒலிப்பதிவாளர் என்று அவரைச் சொல்வதுண்டு.

1938-இல் ஏ.வி. மெய்யப்பன் 'நந்தகுமார்' படத்தில் பின்னணிக் குரலைக் கொண்டுவந்தார். பாட்டு படப்பிடிப்பிலிருந்து பிரிந்து, கதவு சாத்திய அறைக்குள் போகத் தொடங்கியது. பாட்டுக்குக் காக்கைத் தொல்லை தீர்ந்தது. அறையின் தொல்லை ஆரம்பித்தது.

அதே ஆண்டு சென்னையில் அகில இந்திய வானொலி நிலையம் வந்தது. ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் பக்கத்தில் ஒரு நிலையம் வந்தது 1963-இல், திருநெல்வேலியில். மார்கழி விடியலில் வானொலியில் திருப்பாவை. அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் மெட்டமைத்ததை எம்.எல். வசந்தகுமாரி பாடிய பதிவுக்குத் தமிழ்நாடெங்கும் காது உண்டு. திருப்பாவை பாடிய ஆண்டாளின் ஊரான ஸ்ரீவில்லிபுத்தூரிலோ அதே பாசுரத்தைக் கோயில் கல்மண்டபத்தில் நேரிலேயே கேட்கலாம். இரண்டும் ஒரே பாட்டு, ஆனால் கேட்பது வேறு. கருங்கல் ஒலியை உறிஞ்சுவது மிகச் சொற்பம்; பாடி முடித்த பிறகும் கார்வை தூணுக்குத் தூண் அலைந்துகொண்டிருக்கும். பக்திக்கு அது அழகு. பதிவறையில் அதுவே குழப்பம்.

கார்வையை அளக்க முடியும் என்று காட்டியவர் அமெரிக்காவின் ஹார்வர்டில் இருந்த வாலஸ் சபைன். 1895-இல் ஒரு விரிவுரை அறையில் பேச்சு புரியவில்லை என்று புகார். பக்கத்து அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவோடு இரவாகத் தூக்கிவந்து பரப்பி, ஒவ்வொரு முறையும் ஒலி அடங்கும் நேரத்தைக் குறித்தார். காலி அறையில் ஐந்தரை விநாடி நீடித்த ஒலி, மெத்தைகள் நிறைந்ததும் ஒரு விநாடியை ஒட்டி இறங்கியது. பஞ்சு, கம்பளி, மயிர் எதுவானாலும் கணக்கு ஒன்றுதான். இழைகளுக்கு நடுவே காற்று உரசி நகரும்போது ஒலி வெப்பமாகிக் கரைகிறது.

இதிலிருந்து ஒரு தப்பான பாடத்தைப் பல பேர் எடுத்துக்கொண்டார்கள். சுவரெல்லாம் திரையும் கம்பளமும் போட்டால் போதும் என்று. முட்டை அட்டை ஒட்டுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அதனால் ஆகும் பலன் கொஞ்சம்தான். மெல்லிய துணி புல்லாங்குழலின் மேல்ஸ்தாயியை விழுங்கும், தவிலின் தொப்பியைத் தொடாது. 100 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் சுமார் 3.4 மீட்டர். இரண்டு அங்குல நுரை அதை என்ன செய்யும்? விளைவு, மேலே செத்துப்போய் கீழே மட்டும் உறுமும் அறை.

பாடுகிற அறையைவிட இது, பதிந்ததைக் கேட்டுச் சரிசெய்யும் கன்ட்ரோல் ரூமுக்குத்தான் பெரிய கேடு. பத்துக்குப் பத்து அறை, உயரமும் பத்தடி: நம் வீடுகளில் சாதாரணம், ஒலிக்கோ இதைவிட மோசமான வடிவம் இல்லை. நீளம், அகலம், உயரம் மூன்றும் சேர்ந்து 56 ஹெர்ட்ஸை ஒட்டிய ஒரே சுருதியில் அதிரும். சுவரோரம் அது முழங்கும். நட்டநடுவே உட்கார்ந்தவருக்கு ஏறக்குறைய கேட்கவே கேட்காது. குறைகிறதே என்று அவர் பேஸை ஏற்றுவார். அந்தப் பாட்டு பேருந்திலும் கல்யாண வீட்டிலும் காதைப் பிளக்கும்.

வெளிநாடுகளில் 1970-களில் அறைகளின் ஒலிக்கென்றே தனி ஆராய்ச்சி நடந்தது. ஜெர்மானிய இயற்பியலாளர் மான்ஃபிரெட் ஷ்ரோடர், எண்கணித வரிசைப்படி பள்ளங்கள் வெட்டிய பலகையால் எதிரொலியை உறிஞ்சாமல் சிதறடிக்கலாம் என்று காட்டினார். 1980 வாக்கில் டான் டேவிஸும் சிப்ஸ் டேவிஸும் ஸ்பீக்கர் பக்கத்தை உறிஞ்சும்படியும் பின்சுவரைச் சிதறடிக்கும்படியும் அமைக்கும் முறையைப் பரப்பினார்கள். சென்னையில் ஏ.ஆர். ரஹ்மான் 1989-இல் வீட்டோடு சேர்த்தே பஞ்சதன் ஸ்டூடியோவைக் கட்டினார். பெரிய வளாகம் இல்லாமலே நல்ல பதிவு முடியும் என்பதற்கு அதுவே அத்தாட்சியானது. அவர் இசையமைத்த 'ரோஜா' படத்துக்குப் பிறகு அந்த ஆசை ஊர் ஊராகப் பரவியது.

சிற்றூர் மாடி அறை ஒன்றில் சீரமைப்பைத் தொடங்க வேண்டியது மூலைகளிலிருந்து. நான்கு மூலைகளிலும் தரையிலிருந்து கூரை வரை ராக் வுல் எனும் கனமான கனிம இழைப் பஞ்சு. ஸ்பீக்கர் ஒலி பட்டுத் திரும்பும் பக்கச் சுவர்களில் அதே பஞ்சில் நான்கங்குலப் பலகைகள், பின்னால் கொஞ்சம் இடைவெளி விட்டு. அறை நடுவை விட்டு நாற்காலியை முன்னே நகர்த்தக் காசே வேண்டாம்.

பலகைக்குப் போர்த்தும் துணிக்கு ஒரே சோதனை, வாயருகே வைத்து ஊதினால் மூச்சு மறுபக்கம் போக வேண்டும். ராஜபாளையம் பக்கத்துச் சத்திரப்பட்டியில் நெய்கிற பேண்டேஜ் துணி அதில் சுலபமாகத் தேறிவிடும். நார் வெளியே உதிராமலிருக்க இரண்டு மூன்று மடிப்பாகப் போட வேண்டும். பருத்தி சட்டென்று தீப்பிடிக்கும். ஆம்ப்ளிஃபயரும் ஒயரும் சூடாகிற அறையில் போராக்ஸ் கரைசலில் நனைத்துக் காயவைக்காத துணியைச் சுவரில் ஏற்றக் கூடாது.