‘லே’ பிறந்த கதை

கோழி முட்டையிட்டால் ஆங்கிலத்தில் ‘லே’. இட்டுவிட்டு மூலையில் படுத்துக் கிடந்தால் ‘லை’. கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் இந்த இரண்டில் சறுக்காத ஆங்கிலம் பேசுவோர் குறைவு. பாப் டிலன் 1969இல் பாடிய ‘லே லேடி லே’ இலக்கணப்படி ‘லை லேடி லை’ என்றுதான் இருக்க வேண்டும். அந்தப் பெண்ணைப் படுக்கச் சொல்கிறாரே தவிர, முட்டையிடச் சொல்லவில்லை! டிலனை விடுங்கள். கவிஞர் பைரனே 1818இல் வெளிவந்த ‘சைல்ட் ஹெரால்ட்’ நான்காம் காண்டத்தில், கடலைப் பாடும் இடத்தில், ‘ஸ்ப்ரே’, ‘பே’ என்ற இயைபுக்கு இசைய ‘லை’யை ‘லே’ ஆக்கிவிட்டார்.

தமிழ் வகுப்பில் தன்வினை, பிறவினை படித்தவர்களுக்கு இந்தச் சிக்கல் பிடிபட்டுவிடும். ‘லை’ என்றால் கிட. ‘லே’ என்றால் கிடத்து.

உவமைக்காகச் சொல்லவில்லை, ‘லே’ பிறந்ததே அப்படித்தான். ஆங்கிலத்துக்கும் ஜெர்மனுக்கும் தாயான பழைய ஜெர்மானிய மொழியில், ‘கிட’ என்ற வினையின் இறந்தகால வடிவம் ‘லக்’. அதன் அகரத்தை எடுத்து, பின்னால் யகர விகுதி ஒன்றை ஒட்டினால் ‘கிடத்து’ பிறந்துவிடும். அந்த யகரம் தனக்கு முந்தைய அகரத்தை எகரமாக இழுத்தது. நாமும் இலையைப் பேச்சில் ‘எலை’ என்கிறோமே, அதிலும் பின்னால் வரும் உயிர்தான் முன்னதை இழுக்கிறது. இப்படிப் பழைய ஆங்கிலத்துக்கு ‘லிஜ்ஜன்’, ‘லெஜ்ஜன்’ என்று இரண்டு வினைகள் வந்து சேர்ந்தன. அன்றைக்கு யாரும் இவற்றைக் குழப்பிக்கொள்ள வழியில்லை.

இதே அச்சில் வார்த்த வேறு ஜோடிகளும் உண்டு. ‘சிட்’, ‘செட்’ என்பவை இரு, இருத்து. ‘ஃபால்’, ‘ஃபெல்’ என்பவை விழு, வீழ்த்து. மரத்தை வெட்டிச் சாய்ப்பதை இன்றும் ‘ஃபெல்’ என்கிறார்கள். எனக்குப் பிடித்தது ‘ட்ரிங்க்’, ‘ட்ரெஞ்ச்’ ஜோடி. மழையில் தொப்பலாக நனைவதற்குச் சொல்லும் ‘ட்ரெஞ்ச்’சுக்கு முதற்பொருள் குடிக்கவைப்பது. மாட்டுக்கு வாய்வழியே மருந்து புகட்டுவதற்கு இன்றும் அந்தச் சொல்தான்.

மற்ற ஜோடிகள் பிழைத்துக்கொண்டன. ‘லை’, ‘லே’ மட்டும் மாட்டிக்கொண்டதற்குக் காரணம் ஒலித் தேய்வு. விகுதிகள் உதிர்ந்து, ‘லெஜ்ஜன்’ சுருங்கி ‘லே’ ஆயிற்று. ‘லை’யின் இறந்தகாலமும் தேய்ந்து அதே ‘லே’யில் வந்து நின்றது. ஆக, ‘நேற்று கிடந்தேன்’ என்றாலும் ‘லே’, ‘இன்று கிடத்துகிறேன்’ என்றாலும் ‘லே’. போதாக்குறைக்கு, வேறொரு வேரிலிருந்து வந்த ‘பொய் சொல்’ என்ற வினையும் ‘லை’ என்றே ஒலிக்கிறது. பாவம், ஆங்கிலம் பேசுவோர்தான் என்ன செய்வார்கள்? ஏழு நூற்றாண்டுகளாக ‘லை’ வர வேண்டிய இடத்தில் ‘லே’ போட்டுத்தான் பேசிவருகிறார்கள். அதைப் பிழை என்று இலக்கணக்காரர்கள் கண்டிக்கத் தொடங்கியது 18ஆம் நூற்றாண்டில்தான்.

நம் ஆங்கில ஆசிரியர்களுக்கு ஒரு விண்ணப்பம். ‘லை–லே–லெய்ன்’, ‘லே–லெய்ட்–லெய்ட்’ என்று பிள்ளைகளை உருப்போட வைக்குமுன், கரும்பலகையில் ‘கிட’, ‘கிடத்து’ என்று தமிழில் எழுதுங்கள். பக்கத்து வகுப்பில் தமிழாசிரியர் அதைத்தானே நடத்திக்கொண்டிருக்கிறார்.