ரோஜா முள்ளும் தின்குழியமும்

1869இல் ரஷ்ய விலங்கியலாளர் இலியா மெச்னிகோவ் திருமணம் செய்துகொண்டபோது, மணப்பெண் லுட்மிலாவை நாற்காலியில் வைத்துத்தான் தேவாலயத்துக்குள் தூக்கிச் சென்றார்கள். அவருக்குக் காசநோய். எவ்வளவோ பராமரித்தும் 1873இல் இறந்துபோனார். மெச்னிகோவ் தன் உயிரையும் விடத் துணிந்து, பிழைத்துக்கொண்டார்.

1882இல், அரசியல் கெடுபிடி மிகுந்த ஒடெசா பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் பதவியைத் துறந்து, இரண்டாம் மனைவி ஒல்காவின் குடும்பத்தோடு சிசிலித் தீவின் மெஸ்ஸீனா நகருக்குப் போனார். வீட்டு வரவேற்பறையே ஆய்வுக்கூடம். ஒருநாள் வீட்டார் சர்க்கஸ் பார்க்கப் போயிருந்தார்கள். அவர் மட்டும் நுண்நோக்கியில் நட்சத்திரமீனின் குடம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடி போன்ற உடல். உள்ளே அலைந்து திரியும் கலங்கள். வெளியிலிருந்து நுழையும் எதிரியை இவை எதிர்க்குமோ? தோட்டத்து ரோஜாச் செடியின் முட்களைப் பறித்து அவ்வுடலில் செருகினார். இரவெல்லாம் தூக்கமில்லை. விடிந்து பார்த்தபோது, முள்ளைச் சுற்றிக் கலங்கள் மொய்த்திருந்தன.

பிள்ளையின் விரலில் முள் ஏறி, சிவந்து வீங்கிச் சீழ் கட்டினால் நாம் பதறுகிறோம். அன்றைய மருத்துவர்களும் வீக்கத்தைக் கேடாகவே கண்டார்கள். வெள்ளையணுக்களுக்குள் கிருமிகள் தெரிந்தபோது, அவை கிருமிகளைச் சுமந்து பரப்புகின்றன என்று பலர் நம்பினார்கள். மெச்னிகோவ் அதைத் தலைகீழாக்கினார்: அவை சுமக்கவில்லை, தின்கின்றன, வீக்கம் என்பது உடலின் எதிர்ப்பு. அக்கலங்களுக்குக் கிரேக்கச் சொற்களிலிருந்து ஒரு பெயர் பிறந்தது. தமிழில் தின்குழியம் என்கிறோம்.

ஜெர்மானிய அறிஞர்கள் ஏற்கவில்லை. கிருமியைக் கொல்வது குருதிநீரே என்றார்கள். 1888இல் பாரிசில் பாஸ்டர் அவருக்கு இடம் கொடுத்தார், சண்டை தொடர்ந்தது. 1903இல் லண்டனில் ஆல்ம்ரோத் ரைட்டும் ஸ்டூவர்ட் டக்ளஸும், குருதிநீரிலுள்ள பொருள்கள் கிருமியின்மேல் படிந்து, அதைத் தின்குழியம் விழுங்க ஏற்றதாக்குகின்றன என்று காட்டினார்கள். இரு தரப்பும் பாதி உண்மையைத்தான் பிடித்திருந்தன. 1908இன் நோபல் பரிசை மெச்னிகோவும், குருதிநீர்த் தரப்பின் பால் எர்லிக்கும் பகிர்ந்துகொண்டார்கள்.

தின்குழியம் கிருமியைச் சுற்றி வளைத்து ஒரு பைக்குள் அடைக்கும். செரிக்கும் நொதிகள் கொண்ட இன்னொரு பை வந்து அதனுடன் இணையும். கிருமி அழியும். ஆனால் காசநோய்க் கிருமி அந்த இணைப்பைத் தடுத்துவிட்டு, தன்னை விழுங்கிய கலத்துக்குள்ளேயே குடியிருக்க வல்லது. ராபர்ட் கோக் அக்கிருமியைக் கண்டறிந்து அறிவித்ததும் அதே 1882இல்தான். மெச்னிகோவ் கண்டுகொண்ட காவலாளியின் வீட்டிலேயே ஒளிந்திருந்தது, லுட்மிலாவைக் கொண்டுபோன கிருமி.