மலையக ஆடுகளங்களும் மரபு பேணலும்

மலைநாட்டிலே சமதரை என்பது இயற்கையின் கொடையன்று, உழைப்பின் விளைவு. நுவரெலியா, ஹட்டன், திக்கோயா, மஸ்கெலியா ஆகிய பகுதிகளில் ஓர் ஆடுகளம் அமைய வேண்டுமாயின், சரிவின் மேற்பக்கத்தை வெட்டிக் கீழ்ப்பக்கத்தை நிரப்பி, கற்சுவர் எழுப்பி, நீர் வடியக் கான் வெட்டுதல் இன்றியமையாதது. ஆதலால் இப்பிரதேசத்தின் மைதானங்கள் அங்கு ஆடியோரின் வரலாற்றுக்கு முன்னர் அவற்றை அமைத்தோரின் வரலாற்றைத் தம்முட் கொண்டுள்ளன. பழைய மைதானங்களைப் புதுப்பித்தல் பற்றிப் பேசும்போது, மரபென நாம் எதனைக் கொள்கின்றோம், அஃது எவருடைய மரபு என்னும் வினாக்களை முதலில் எழுப்புதல் வேண்டும்.

இவ்வினாக்களை ஆராய்வதற்கு ஏற்ற முதல் உதாரணம் கண்டி திரித்துவக் கல்லூரியின் அஸ்கிரிய மைதானமாகும். 1904 முதல் 1924 வரை அக்கல்லூரியின் அதிபராக விளங்கிய ஏ. ஜி. பிரேசரின் காலத்தில், குன்றுப்பாங்கான நிலத்தைச் சமப்படுத்தி அமைக்கப்பட்ட இம்மைதானம் 1915இல் திறக்கப்பட்டது. ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் அது பாடசாலை மைதானமாகவே இருந்தது. 1981இல் இலங்கை டெஸ்ட் தகுதி பெற்றபோது கிரிக்கெட் கட்டுப்பாட்டுச் சபையின் தலைவராக இருந்தவர் அக்கல்லூரியின் பழைய மாணவரும் அமைச்சருமான காமினி திசாநாயக்க ஆவார். அவர் காட்டிய ஊக்கத்தால் மைதானம் புதுப்பிக்கப்பெற்று, 1983 ஏப்ரலில் அவுஸ்திரேலிய அணியுடனான டெஸ்ட் போட்டி அங்கு நடைபெற்றது. 2007 டிசெம்பரில் இங்கிலாந்து அணியுடன் நிகழ்ந்த போட்டியே அங்கு நடைபெற்ற இறுதி டெஸ்ட் போட்டியாயிற்று. அதே போட்டியில் முத்தையா முரளிதரன் தமது 709ஆவது விக்கெட்டை வீழ்த்தி, ஷேன் வோர்ணின் சாதனையைக் கடந்தார். 1920இல் தென்னிந்தியாவிலிருந்து தேயிலைத் தோட்டத்துக்கு வந்த ஒருவரின் பேரர், மலையை வெட்டிச் சமன்செய்த மைதானமொன்றில் உலக சாதனை நிகழ்த்தினார் என்பது வெறும் விளையாட்டுச் செய்தியன்று. அது சமூக வரலாற்றுச் செய்தியுமாகும்.

பின்னர் சர்வதேசப் போட்டிகள் பல்லேகலவில் அமைந்த புதிய அரங்கிற்கு மாறின. ஆயினும் அஸ்கிரிய கைவிடப்பட்ட நிலமாகிவிடவில்லை. புதுப்பிப்பின் பின்னரும் மைதானம் கல்லூரியின் உடைமையாகவே இருந்தமையால், பெரும் போட்டிகள் நீங்கியதும் அது மாணவர்க்கே மீண்டது. ஆடுகளமொன்றின் மரபு கட்டடத்தில் மட்டும் தங்குவதில்லை. அதனை நாள்தோறும் பயன்படுத்துவோரின் உரிமையிலும் தங்கியுள்ளது என்பதே அஸ்கிரிய தரும் பாடமாகும்.

இரண்டாவது உதாரணம் கொழும்புக் குதிரைப் பந்தயத் திடல். 1893இல் திறக்கப்பட்ட இத்திடல் இரண்டாம் உலகப் போரின்போது விமானத் தளமாக மாற்றப்பட்டது. 1942 ஏப்ரல் 5ஆம் திகதி யப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கியபோது அவற்றை எதிர்த்த போர் விமானங்களிற் சில இங்கிருந்தே எழுந்தன. பந்தயங்கள் நின்று நெடுங்காலம் கவனிப்பாரற்றுக் கிடந்த பின்னர், 2010களின் முற்பகுதியில் பழைய பார்வையாளர் மண்டபம் செப்பனிடப்பட்டுக் கடைத்தொகுதியாக்கப்பட்டது; திடலின் ஒரு பகுதி றக்பி, உதைபந்தாட்டம் ஆகியவற்றுக்கான அரங்காயிற்று. இங்கு கட்டடம் காப்பாற்றப்பட்டது, பயன் மாறியது. அஸ்கிரியவில் பயன் காப்பாற்றப்பட்டது, கட்டடங்கள் மாறின. புதுப்பித்தலின் இருவேறு நெறிகள் இவை எனலாம்.

இனி, பெருந்தோட்டப் பகுதிக்கு வருவோம். திக்கோயாவை அடுத்த தரவளை, நானுஓயாவை அடுத்த ரதல்ல ஆகிய இடங்களின் மைதானங்கள் தோட்டத் துரைமாரின் கழகங்களுக்குரியனவாகத் தோன்றியவை. வார இறுதியில் கூடிய அவர்களின் கிரிக்கெட்டும் றக்பியும் அங்கு வளர்ந்தன. நுவரெலியாக் குதிரைப் பந்தயத் திடலும் அவ்வுலகின் படைப்பே. பசும்புல், மரத்தாலான விடுதி, சுவரில் தொங்கும் பழைய அணிகளின் நிழற்படங்கள் என்பவற்றையே மரபு என்றதும் நாம் எண்ணுகின்றோம்.

ஆயின் தொழிலாளர்க்கும் ஒரு களம் இருந்தது. அதுவே பிரட்டுக்களம். விடியற்காலையில் பேர் பதிந்து, வேலை பிரித்து, கங்காணியின் பின்னே மலைக்கு அனுப்பும் இடம் அது. அதிகாரம் நாள்தோறும் தன்னை நிலைநாட்டிய களமும் அதுவே. தோட்டப் பிள்ளைகளுக்கு விளையாட வேறு சமதரை அரிதாகையால், கோயில் முன்றிலும் இத்தகைய வெளிகளுமே அவர்களது ஆடுகளங்களாயின. திருவிழாவும் காமன்கூத்தும் தொழிற்சங்கக் கூட்டமும் உதைபந்தாட்டமும் ஒரே வெளியைப் பகிர்ந்துகொள்ளும் பண்பு மலையகத்துக்குரியது. ஹட்டன் டன்பார் மைதானம் விளையாட்டுக்கும் மே தினக் கூட்டங்களுக்கும் ஒருங்கே பெயர்பெற்றமை இப்பண்பின் தொடர்ச்சியேயாகும். 2017 மே மாதம் இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி மலையக மக்களிடையே உரையாற்றியதும் நோர்வூட் மைதானத்திலேயாம்.

இவ்வரலாற்றுக்குச் சட்டம் தரும் பாதுகாப்பு யாது? 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட் கட்டளைச் சட்டம், புராதனச் சின்னங்களை வரையறுக்கும்போது 1815 மார்ச் 2ஆம் திகதியை எல்லையாகக் கொள்கின்றது. கண்டி ஒப்பந்தம் கைச்சாத்திடப்பட்ட நாள் அது. அதற்குப் பிற்பட்ட கட்டடங்கள் தனியே வெளியிடப்படும் ஆணையின் வாயிலாகவே பாதுகாப்புப் பெறவேண்டும். மலையகத் தமிழரின் வரலாறோ 1820களில் கோப்பித் தோட்டங்களுடன் தொடங்குவது. அதன் இருநூறாவது ஆண்டு 2023இல் நினைவுகூரப்பட்டது. எனவே ஒரு சமூகத்தின் முழு வரலாறுமே சட்டம் இயல்பாகக் காக்கும் காலத்துக்கு வெளியே நிற்கின்றது. 1975இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையானதும், 1992இல் அவற்றின் முகாமைத்துவம் பிராந்தியக் கம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்டதும் நிலத்தின் பொறுப்பாளரை மாற்றின. அந்நிலத்தில் ஆடும் பாடசாலைப் பிள்ளைகளின் உரிமையை அவை தெளிவாக்கவில்லை.

இவ்விடத்தில் நியாயமான ஒரு மறுப்பு எழக்கூடும். மக்கள் இன்னும் லயன் அறைகளில் வாழ்கையில் மைதானத்தின் மரபைப் பற்றிப் பேசுவது வீண் ஆடம்பரமன்றோ என்பதே அது. இம்மறுப்பை நாம் புறக்கணிக்க இயலாது. லயத்தைப் பேணுதல் என்பது மக்களை அதனுள் வைத்திருத்தலாகாது. கம்பளைக்கு அண்மையில் பழைய பீக்கொக் தோட்டத்தில் ஒரு லயம் 2007இல் தொழிலாளர் நூதனசாலையாக்கப்பட்டமை இதற்கு நல்ல வழிகாட்டியாகும். நினைவுக்கு ஒரு லயம் போதும். வாழ்வுக்கு வீடு வேண்டும். ஆடுகளத்தின் நிலை வேறு. லயத்தின் நினைவு அதிலிருந்து மக்கள் வெளியேறுவதால் மாண்புறும். ஆடுகளத்தின் நினைவோ மக்கள் அதனுட் புகுவதாலேயே உயிர்பெறும். ஆகவே மைதானத்தில் மரபு பேணலும் இன்றைய தேவையை நிறைவேற்றலும் ஒன்றற்கொன்று பகையல்ல.

இதனடிப்படையில் மூன்று விடயங்களை வற்புறுத்தலாம். முதலாவது, புதுப்பிப்பு வேலை தொடங்குமுன் ஆவணப்படுத்தல் நிகழ வேண்டும். கற்சுவர், கான், படிவரிசை முதலியன வரைபடமாக்கப்படுதலோடு, மூத்த தொழிலாளரின் நினைவுகளும் ஒலிப்பதிவு செய்யப்படல் வேண்டும். இது பல்கலைக்கழக மாணவர் ஆற்றக்கூடிய பணி; பொறியியலாளரும் வரலாற்று மாணவரும் ஒருங்கே இறங்க வேண்டிய பணியுமாகும். இரண்டாவது, பழைய வடிகால் முறையை அழகுப் பொருளாகவன்றி அறிவுச் செல்வமாக மதித்தல் வேண்டும். பார்வையாளர் வரிசைக்கென மலைச்சரிவை மேலும் வெட்டுவதும் பழைய கானை மூடுவதும் மண்சரிவை வரவழைக்கும். 2014 ஒக்டோபரில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுட் புதைந்த துயரத்தை அறிந்த நாம் இதில் அசட்டையாக இருத்தலாகாது. மூன்றாவது, புதுப்பிக்கப்படும் மைதானத்தில் அயற் பாடசாலைகளின் மாணவர், மாணவியர் ஆடும் உரிமை எழுத்தில் உறுதிசெய்யப்படல் வேண்டும். அஸ்கிரியவுக்குக் கல்லூரி இருந்தது; தோட்ட மைதானத்துக்கு அத்தகைய உடையவர் இல்லை.

திறப்புவிழாவில் நாடாவை வெட்டியவரின் பெயர் கல்லில் நிலைத்துவிடுகின்றது. மண்ணை வெட்டியவரின் பெயர் அவ்வாறு நிலைப்பதில்லை. மலையக மைதானங்களைப் புதுப்பிப்போர் பழைய விடுதியின் மரத்தூண்களைக் காப்பது நன்றே. அவ்விடுதி நிற்கும் தரையை அமைத்தவர்க்கும் அங்கு ஓர் இடம் ஒதுக்கி, அவர்தம் வழித்தோன்றல்களுக்கு அத்தரையைத் திறந்துவிடும்போதே அப்பணி நிறைவுறும்.