சூரிய மின் கண்காணிப்புக் கருவியில் வைஃபை துண்டிப்பு

வீட்டுச் சூரிய மின் அமைப்பின் உற்பத்திக் கணக்கைக் கைபேசிக்கு அனுப்பும் சிறு கருவி, இணையத் தொடர்பை இழந்துவிடும் நிலை. இன்வெர்ட்டரின் அடியில் செருகப்படும் விரலளவுக் குச்சியே பெரும்பாலும் இந்தக் கருவி. செயலியில் பூஜ்யம் தெரிந்தாலும் மின்சாரம் உற்பத்தியாகிக்கொண்டுதான் இருக்கும். இன்வெர்ட்டரின் திரையைப் பார்த்தாலே பாதிப் பதற்றம் தீரும்.

பேட்டரி இல்லாத அமைப்புகள் பலவற்றில் குச்சிக்கு மின்சாரம் தருவதும் இன்வெர்ட்டர்தான். சூரியன் மறைந்ததும் அது உறங்கிவிடுவதால், இரவில் 'இணைப்பு இல்லை' எனக் காட்டுவது கோளாறே அல்ல.

உண்மையான கோளாறு பெரும்பாலும் ரவுட்டர் பக்கம்தான் பிறக்கிறது. இந்தக் குச்சிகளில் பல 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை மட்டுமே அறியும். புது ரவுட்டர் 2.4, 5 இரண்டையும் ஒரே பெயரில் ஒளிபரப்பினால், முதல்முறை இணைக்கும்போதே சில குச்சிகள் தடுமாறும். 2.4-க்குத் தனிப்பெயர் கொடுப்பது எளிய தீர்வு. டபிள்யூபிஏ3 பாதுகாப்பு முறையைப் பழைய குச்சிகள் ஏற்பதில்லை. ரவுட்டரை டபிள்யூபிஏ2-க்கு மாற்ற வேண்டும். கடவுச்சொல்லை மாற்றிவிட்டுக் குச்சியை மறந்துவிடுவதும் வழக்கமான கதை.

மொட்டைமாடி இன்வெர்ட்டருக்கும் கீழ்த்தள ரவுட்டருக்கும் நடுவே கம்பி கட்டிய கான்கிரீட் தளம் நிற்கிறது. சிக்னல் மைனஸ் 70 டெசிபெல்-மில்லிவாட்டுக்குக் கீழே இறங்கினால் தொடர்பு அறுந்து அறுந்து வரும். மாடிப்படியருகே ஒரு ரிப்பீட்டர் வைக்கலாம். ஈதர்நெட் துளை இருந்தால் கம்பி இழுப்பதே மேல்.

சூரியப் பலகைகளோடு பொருத்தப்படும் என்பேஸ் நிறுவன மைக்ரோ இன்வெர்ட்டர்கள் வேறு ரகம். அவை வீட்டு மின்கம்பி வழியாகவே கேட்வே பெட்டிக்குத் தகவல் தருகின்றன. பெட்டி இணையத்தில் இருந்தும் சில பலகைகள் மட்டும் காணாமற்போனால், அங்கே வைஃபையைக் குறைசொல்லிப் பயனில்லை.